தறியின் அட்டையும் தாயக்கட்டையும்

போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே, கனககிரி மலையை ஒட்டி இருக்கிறது தேவிகாபுரம். மலைமேல் கனககிரீசுவரர், ஊருக்குள் பெரியநாயகி அம்மன். கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு இது ஒரு பழைய கோயிலூர். புடவைக் கடைக்காரர்களுக்கு இது ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று. தறி இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளரும் அவர் கையில் ஓடும் நாடாவும்தான். கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தெரியும். அதிலிருந்து கயிற்றில் கோத்த அட்டைகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் வரிசையாகத் துளைகள்.

அந்தத் துளைகளில்தான் புடவையின் மயிலும் மாங்காயும் இருக்கின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி மேலேறி, தனக்குரிய பாவு இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். தூக்கிய இழைக்கும் கிடக்கும் இழைக்கும் நடுவே நாடா போய்வரும். ஓர் ஊடை விழுந்ததும் அடுத்த அட்டை முன்னே வரும். டிசைன் போடுகிறவர் கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாக ஆம், இல்லை என்று முடிவு செய்கிறார். அட்டை குத்துகிறவர் அதைத் துளையாக்குகிறார். நூறு அட்டைகளில் ஒரே ஒரு துளை இடம் மாறினாலும் புட்டா தவறாமல் அதே இடத்தில் கெடும். எந்த அட்டையில் பிழை என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு இந்தக் கருவியைச் செய்து காட்டியது 1804-ல். அடுத்த தலைமுறையில் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே அட்டைகளை எடுத்துக்கொண்டார். 1843-ல் ஏடா லவ்லேஸ் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளில் ஜக்கார்டு தறியை நேரடியாகவே ஒப்பிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹோலரித் துளையிட்ட அட்டைகளை வைத்து எண்ணி முடித்தார். பின்னாளில் கணினிகள் வந்தபோது பல ஆண்டுகள் அவற்றுக்கு நிரல் ஊட்டியதும் அட்டைதான். ஆக, தேவிகாபுரத்துத் தறிவீட்டில் தூளியில் கிடக்கும் குழந்தை பிறந்த நாள் முதலாக ஒரு நிரலின் கீழேதான் வளர்கிறது. பள்ளிக்கூடம் போனதும் அந்தக் குழந்தைக்குக் கணினி என்பது எங்கோ வெளியிலிருந்து வந்த அதிசயமாகக் காட்டப்படுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

எதிர்காலத்துக்குத் தேவையான திறன்கள் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். உலகப் பொருளாதார மன்றம் 2025-ல் வெளியிட்ட வேலைகள் குறித்த அறிக்கையில், இன்று வேலைக்கு அடிப்படையான திறன்களில் 39 சதவீதம் 2030-க்குள் மாறிவிடும் என்று நிறுவனங்கள் கணித்திருந்தன. முதலிடத்தில் அவர்கள் வைத்தது எந்த மென்பொருளையும் இல்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்து யோசிக்கும் திறனைத்தான். விடாமுயற்சியும் புதிதாக யோசிப்பதும் அதை ஒட்டியே வருகின்றன. இவற்றைப் பாடமாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்க முடியாது. ஒரு பொருளைச் செய்து, அது வேலை செய்யாமல் போய், ஏன் என்று தேடி, மாற்றிச் செய்யும்போதுதான் வரும். அப்படிச் செய்ய ஒரு குழந்தைக்கு மிக இயல்பாகக் கைவரும் பொருள், விளையாட்டு. அதை ஆடுவதைவிட உருவாக்குவதையே இங்கே முக்கியமாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்தத் திசை புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறை அதற்கு முன்மாதிரி. 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. அந்த வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: சுவரில் கற்றல் ஏணி, தட்டுகளில் படம் போட்ட அட்டைகள், குழந்தை எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் பாய். தான் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, தனக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு படி முடித்தால் அடுத்த படி. தோற்றால் அதே படியில் மறுபடி. இன்று கணினி விளையாட்டுகளில் 'லெவல்' என்கிறோமே, அதே அமைப்பு. நாற்பது பேரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை அது உடைத்தது. ஆனால் ஏணியும் அட்டையும் பெரியவர்கள் செய்து கொடுத்தவை. படி ஏறக் குழந்தைக்கு உரிமை இருந்தது, படி அமைக்க இல்லை. பெரிய வகுப்புக்குப் போனதும் அந்த ஏணியும் போய், பழைய பெஞ்சு வரிசை திரும்பி வந்துவிட்டது.

படி அமைக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர் யாஸ்மின் கஃபாய். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேர். தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கற்றுக்கொடுக்கும் கணினி விளையாட்டு ஒன்றை ஆளுக்கொன்றாகச் செய்ய வேண்டும். சில மாதங்கள் ஓடின. அரை, கால் என்பதை எப்படிப் படமாக்குவது, தப்பாகச் சொன்னால் என்ன நடக்க வேண்டும், எது ரொம்ப சுலபம், எது ரொம்பக் கஷ்டம் என்று அவர்கள் மல்லுக்கட்டினார்கள். பின்னங்கள் அவர்களுக்குத் தெளிந்தன. நிரல் எழுதவும் வந்தது. 1995-ல் இது புத்தகமாக வந்தது. அவருக்கு முன்னோடி சீமோர் பாப்பர்ட். குழந்தைகளுக்கான 'லோகோ' கணினி மொழியை 1967-ல் உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த மரபில் வந்ததுதான் 2007-ல் எம்ஐடி ஊடக ஆய்வகம் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்'. கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கி விளையாட்டு செய்யலாம், காசு கிடையாது.

இது அமெரிக்கக் கதை என்று விட வேண்டாம். தேவிகாபுரத்திலிருந்து சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் ஆரோவில். அதைச் சுற்றியுள்ள கிராமப் பிள்ளைகள் படிக்கும் உதவி பள்ளியிலும் இசையம்பலம் பள்ளியிலும் சில பொறியாளர்கள் சேர்ந்து 'ஸ்டெம் லேண்ட்' என்ற கற்கும் இடத்தை நடத்திவருகிறார்கள். என்ன கற்கப்போகிறோம் என்ற இலக்கைப் பிள்ளைகளே வைத்துக்கொள்கிறார்கள். யோசித்து ஆடும் பலகை விளையாட்டுகளும் புதிர்களும் உண்டு. கணக்குப் பாடத்தில் கற்றதை ஸ்க்ராட்சில் விளையாட்டாகச் செய்து காட்டுவதும் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள், தமிழ் பேசும் வீடுகள். கேரளத்தில் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' குழுக்கள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன.

ஆனால் தொடங்குவதற்குக் கணினிகூட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரு ஜோடி தாயக்கட்டை போதும்.

பித்தளைக் கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒன்றும் வெறுமையுமாக விழுந்தால் தாயம். அது இரண்டே விதத்தில் நடக்கும், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு, பதினாறில் ஒன்று. மூன்று விழத்தான் வழி அதிகம்: நான்கு விதம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று ஆடும் வீடுகளில், மறு ஆட்டம் கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஆறு. பாட்டிகள் இதை எண்ணிப் பார்த்து விதி வைத்தார்களா, ஆடி ஆடி விதி அப்படி வந்து நின்றதா? எப்படியானாலும் அந்த விதியில் ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது. இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதியை மாற்றச் சொல்லுங்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதை எடுத்துவிட்டு, பன்னிரண்டு விழுந்தால்தான் இறங்கும் என்று வையுங்கள். சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒருமுறை திறந்த கதவு இனி பதினாறுக்கு ஒருமுறைதான் திறக்கும். பிள்ளைகள் காய் இறங்காமல் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒருவன் எழுந்து போய்விடுவான். ஏன் போனான் என்பதுதான் அன்றைய பாடம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் நிகழ்தகவு என்ற தலைப்பைத் திறக்கும்போது அந்தப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பழகிய விஷயமாக இருக்கும்.

ஆடு புலி ஆட்டமும் அப்படித்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். பலம் சமமில்லாத இரண்டு தரப்புக்கு நடுவே நியாயமான ஆட்டம் எப்படி வரும் என்ற கேள்விக்கு நம் முன்னோர் கண்ட பதில் அது. புலிக்கு வெட்டும் உரிமை, ஆட்டுக்கு எண்ணிக்கை. பதினைந்து ஆட்டைப் பன்னிரண்டாகக் குறைத்தால் புலி எத்தனை ஆட்டத்தில் ஜெயிக்கிறது? நேபாளத்தின் பாக் சாலில் நான்கு புலிக்கு இருபது ஆடு வைத்தார்களே, அவர்களுடைய பலகை எப்படி இருக்கிறது? இருபது ஆட்டம் ஆடிக் குறித்து வைத்தால் கையில் தரவு இருக்கும். சாக்பீஸ் துண்டும் புளியங்கொட்டையும் தவிர இதற்குச் செலவு இல்லை.

தறியையும் இப்படியே வகுப்புக்குள் கொண்டுவரலாம். 16-க்கு 16 கட்டம் போட்ட தாள். 256 கட்டம், 256 முடிவு. ஒரு குழு அதில் ஒரு புட்டா வரையட்டும். வரைந்ததைப் பழைய நோட்டு அட்டையில் வரிக்கு ஒரு துண்டாகத் துளையிட்டு, வரைந்த தாளைக் காட்டாமல் அட்டைகளை மட்டும் அடுத்த குழுவிடம் கொடுக்கட்டும். அவர்கள் அட்டைப்பெட்டித் துண்டில் நூல் கட்டி, அட்டையைப் படித்துப் படித்து நெய்யட்டும். வந்தது அன்னமா, வாத்தா? கோளாறு வரைந்தவர்களிடமா, குத்தியவர்களிடமா, நெய்தவர்களிடமா? இந்தச் சண்டையில் கற்பதைத்தான் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த பிறகு லட்சக்கணக்கான இளைஞர்கள் சம்பளத்தோடு கற்றுக்கொண்டிருக்கிறார்கள். புட்டா இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பாதி அட்டை குத்தினால் போதுமே என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்பை அதனிடமிருந்து பறித்து முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை வேறொன்று. 1904-ல் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 'நிலப்பிரபு விளையாட்டு' என்ற பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் 'மோனாப்பொலி' பிறந்தது அதிலிருந்துதான். மேகியின் நோக்கம் வேறு. நிலம் சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்பதை மக்கள் ஆடியே புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். அதனால் ஒரே பலகைக்கு இரண்டு வித விதிகளை வைத்தார். ஒன்றில் ஒருவர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ளலாம். இன்னொன்றில் செல்வம் எல்லோருக்கும் பெருகும்.

தேவிகாபுரத்துப் பிள்ளைகள் தங்கள் தெருவை இப்படி ஒரு பலகையாகச் செய்யட்டும். புறப்படும் கட்டத்தில் பாவு வாங்க வேண்டும், கையில் பணம் இல்லை. முன்பணம் வாங்கினால் கூலி குறையும். மழைக் கட்டத்தில் காய் விழுந்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது, ஒரு சுற்று போச்சு. வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும். முகூர்த்த மாதத்தில் விழுந்தால் விற்பனை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தார் சுற்ற ஆள் இல்லை. இதே பலகைக்கு மேகி செய்ததுபோல இரண்டு விதிகள்: முதலாளியிடம் கூலிக்கு நெய்தால் ஒன்று, கூட்டுறவு சங்கத்தில் நெய்தால் ஒன்று. ஒரே உருட்டலுக்கு இரண்டு விதியிலும் யார் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். எண்களுக்கு வீட்டில் போய் அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்க வேண்டும். ஒரு புடவைக்கு எத்தனை நாள், நூலுக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு. 2019-20-ன் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்கள் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்று சொல்லியிருந்தன. அந்த எண்ணைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கும், தான் செய்த பலகையில் காய் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று பார்த்த பிள்ளைக்கும் கிடைக்கும் அறிவு ஒன்றாகாது. இரண்டாவது பிள்ளை அடுத்ததாக, எந்த விதியை மாற்றினால் நெசவாளர் பிழைப்பார் என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. நெசவு ஊரில் போய்க் கைவேலைக் கல்வி என்று பேசினால் தமிழ்நாட்டில் ஒரு பழைய காயம் வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும். 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போனது. ஊர் ஊராகப் பள்ளி திறந்து அவர் காட்டிய வழி வேறு. அந்த எதிர்ப்பு சரியானது. கோர்வைப் பட்டு நெய்யக் கூட ஓர் ஆள் வேண்டும், கரை நாடாவைத் தள்ள. பல காலம் அந்த ஆள் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் கடனுக்கு அடமானமாகப் பிள்ளைகள் உட்கார வைக்கப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ல்கூட ஆவணப்படுத்தியது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். தறி வீடுகளுக்கு அது ஆபத்தான கதவு.

அதனால் இதில் கோடு அழுத்தமாகப் போடப்பட வேண்டும். வகுப்பில் நெய்யும் அட்டைப்பெட்டித் தறியில் விற்கும் பொருள் எதுவும் வரக் கூடாது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை மட்டும் தறியைச் செய்ய, மற்றவர்கள் வேறு எதையோ செய்வது நடக்கவே கூடாது. ஆசாரி வீட்டுப் பிள்ளையும் விவசாயி வீட்டுப் பிள்ளையும் காலனித் தெருப் பிள்ளையும் ஒரே மேசையில் அதே புட்டாவை வரைய வேண்டும். தறி எப்படி யோசிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும். பிறகு அந்தப் பிள்ளை மருத்துவராகட்டும், வடிவமைப்பாளராகட்டும், விரும்பினால் நெசவாளராகட்டும். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, 2025-ல் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 என்று வைத்ததன் காரணமும் இதுதான்: படிக்க வேண்டிய வயதில் யாரையும் குலத்தொழிலுக்குள் தள்ளிவிடக் கூடாது.

பிள்ளைகள் இப்படி விளையாட்டு உருவாக்கிக் கற்பதற்கு இடம் கொடுக்க அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் மூலம் அறிவியல், கணிதச் செயல்பாடுகளைக் கொண்டுபோகிறது. மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016-ல் தொடங்கின. ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாண அச்சுப்பொறியும் சின்னக் கணினிப் பலகைகளும் வருகின்றன. ஆனால் பொருள் வந்துசேர்ந்த பிறகு அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உடைந்துவிடும் என்று பூட்டி வைத்த பொருளிலிருந்து எந்தப் பிள்ளையும் எதையும் கற்காது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ரப்பரும் வைத்து வடிவியல் கற்றுக்கொடுக்கலாம் என்று 1980-களிலேயே காட்டிய அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் இன்றும் நம் ஆசிரியர்களுக்கு நல்ல தொடக்கம்.

பொருளைவிட அருமையானது நேரம். ஒரு விளையாட்டைச் செய்து, ஆடிப் பார்த்து, கெட்டுப்போய், திருத்தி, மறுபடி ஆட வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் இது அடங்காது. வாரத்தில் ஒருநாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து, அதைத் தேர்வுக்காக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னால்தான் நடக்கும். மதிப்பெண் எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்பது நியாயம். அதற்குப் பிள்ளையின் மாற்றக் குறிப்பேட்டைக் காட்டலாம்: முதல் விதி என்ன, எங்கே ஆட்டம் படுத்தது, எதை ஏன் மாற்றினேன், மாற்றிய பிறகு என்ன நடந்தது. நான்கு பக்கம் போதும். ஆசிரியருக்கு மதிப்பிட இதைவிட நேர்மையான விடைத்தாள் கிடைக்காது.

தறியைப் பற்றிப் பேச நெசவாளர்களே வர வேண்டும். கட்டத்தாளைப் படிக்கத் தெரிந்தவர், அட்டை குத்துகிறவர், இப்போது கணினியில் டிசைன் போட்டுத் தருகிறவர் ஆகிய எல்லோரும் ஆரணி வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கு அழைத்து, மாலை போட்டு, நன்றி சொல்லி அனுப்புவது போதாது. அவர் தறியை விட்டு வரும் அரை நாள் அவருக்குக் கூலி போகும் அரை நாள். வெளியூரிலிருந்து வரும் பயிற்சியாளருக்குப் படி கொடுக்கிற பள்ளிக்கல்வித் துறை, ஊர் நெசவாளருக்கும் கருத்தாளர் என்ற பெயரிலேயே அதே தொகையைக் கொடுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அதை முதல் வரியாக எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.